'மொட்டை போட்டுக்கொண்டேன்' ஆங்கிலத்தில் எப்படி? ஐ, மீ, மைசெல்ஃப்: முழுமையான வழிகாட்டி

தைப்பூசம் முடிந்த வாரம். பினாங்கு மாநிலத்துப் பிறை நகரில் என் வீட்டு முன்கூடத்தில் நடக்கும் டியூஷனுக்குப் படிவம் 3 மாணவன் ஒருவன் மொட்டைத் தலையும் சந்தனமுமாக வந்து உட்கார்ந்தான். விடுமுறையில் என்ன செய்தாய் என்று ஒரு பத்தி எழுதச் சொன்னேன். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய் வந்தவன் எழுதிய முதல் வரி இப்படி இருந்தது: "ஐ ஷேவ்டு மைசெல்ஃப் அட் தண்ணீர்மலை."

ஆங்கிலம் மட்டும் தெரிந்த ஒருவர் இதைப் படித்தால், பையன் ரேசரை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்த் தன் முகத்தைத் தானே மழித்துவிட்டு வந்தான் என்று நினைப்பார். அவன் சொல்ல வந்தது 'மொட்டை போட்டுக்கொண்டேன்' என்பது. கத்தி பிடித்தது இன்னொருவர் கை. ஆனால் 'போட்டுக்கொண்டேன்' என்பதில் இருக்கிற அந்தக் 'கொண்டேன்', அவனை 'மைசெல்ஃப்' என்று எழுத வைத்துவிட்டது.

பல வருடமாக இந்தப் பாடத்தை நடத்துகிறேன். மை, மைன், மைசெல்ஃப் என்று வாய்ப்பாடு ஒப்பிக்கத் தெரியாத பிள்ளை அபூர்வம். ஒப்பிக்கிற பிள்ளைதான் எழுதும்போது சறுக்குகிறது. காரணம், நமக்குள் ஓடுகிற தமிழ் வாக்கியத்தில் இந்தச் சொற்களின் வேலையை வேறு யாரோ செய்துகொண்டிருக்கிறார்கள். வினைமுற்றின் விகுதி கொஞ்சம் செய்கிறது, 'கொள்' கொஞ்சம் செய்கிறது, ஓர் ஏகாரம் கொஞ்சம் செய்கிறது. ஆகவே ஒவ்வொரு படியிலும் முதலில் தமிழைப் பார்ப்போம், அப்புறம் ஆங்கிலத்துக்குப் போவோம். படிவம் 5 முடிவில் எஸ்.பி.எம். தேர்வு எழுதுகிற பிள்ளைகளுக்கும், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் சூப்பர்வைசர் நேர்காணலுக்குப் போகிற பெரியவர்களுக்கும் ஒரே பாடம்தான்.

படி 1: வாய்ப்பாட்டை ஐந்து நாற்காலியாகப் பாருங்கள்

ஒரு தாளில் இதை எழுதிக்கொள்ளுங்கள்.

ஐ, மீ, மை, மைன், மைசெல்ஃப்
யூ, யூ, யுவர், யுவர்ஸ், யுவர்செல்ஃப்
ஹீ, ஹிம், ஹிஸ், ஹிஸ், ஹிம்செல்ஃப்
ஷீ, ஹெர், ஹெர், ஹெர்ஸ், ஹெர்செல்ஃப்
இட், இட், இட்ஸ், தனியே நிற்கும் வடிவம் வழக்கில் இல்லை, இட்செல்ஃப்
வீ, அஸ், ஔர், ஔர்ஸ், ஔர்செல்வ்ஸ்
யூ, யூ, யுவர், யுவர்ஸ், யுவர்செல்வ்ஸ்
தே, தெம், தெய்ர், தெய்ர்ஸ், தெம்செல்வ்ஸ்

முதல் நாற்காலி எழுவாயுடையது. இரண்டாவது, செயப்படுபொருளுக்கும், டு, ஃபார், வித், பிட்வீன் போன்ற பிரிப்போசிஷனுக்குப் பின்னால் வருகிறவருக்கும். மூன்றாவது ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால்தான் உட்காரும்: மை ஹவுஸ். நான்காவது தனியாக உட்காரும்: தி ஹவுஸ் இஸ் மைன். ஐந்தாவது, செயல் செய்தவரிடமே திரும்பி வரும்போது.

ஐந்தாவது வரிசையில் ஒரு கோணல் இருக்கிறது, கவனியுங்கள். மைசெல்ஃப், யுவர்செல்ஃப், ஔர்செல்வ்ஸ் மூன்றும் மூன்றாவது நாற்காலியிலிருந்து பிறந்தவை. ஹிம்செல்ஃப், தெம்செல்வ்ஸ் இரண்டும் இரண்டாவது நாற்காலியிலிருந்து பிறந்தவை. 'ஹிஸ்செல்ஃப்', 'தெய்ர்செல்வ்ஸ்' என்று பிள்ளைகள் எழுதுவது அறியாமையால் வருவதில்லை. விதி ஒன்றாகத்தான் இருக்கும் என்று நம்பி எழுதுகிறார்கள். அவர்கள் நம்பியது நியாயம்தான், மொழி அப்படி அமையவில்லை. இந்த இரண்டை மட்டும் மனப்பாடம் செய்துவிடுங்கள்.

'இட்ஸ்' விஷயத்தில் ஒரு சின்ன எச்சரிக்கை. 'அதனுடைய' என்ற பொருளில் எழுதும்போது எஸ் எழுத்துக்கு முன்னால் மேலே கொக்கி கிடையாது. கொக்கி போட்டால் அது 'இட் இஸ்' அல்லது 'இட் ஹேஸ்' ஆகிவிடும்.

படி 2: தமிழ் வினை விழுங்கிவிட்ட ஆளை வெளியே கொண்டுவாருங்கள்

"சாப்பிட்டாயா?" "சாப்பிட்டேன்." இந்த இரண்டு சொல்லில் நீயும் இல்லை, நானும் இல்லை. ஆனால் 'ஆய்' என்ற விகுதியில் நீ இருக்கிறாய், 'ஏன்' என்ற விகுதியில் நான் இருக்கிறேன். தமிழ் வினைமுற்று தன்மை, முன்னிலை, படர்க்கை மூன்றையும் வாலில் கட்டிக்கொண்டே நடக்கும். ஆங்கிலத்தின் 'ஏட்' என்ற வினைக்கு அந்த வால் இல்லை. ஐ ஏட், யூ ஏட், தே ஏட், எல்லாவற்றுக்கும் ஒரே முகம். ஆகவே ஆளை வெளியே உட்கார வைத்தே ஆகவேண்டும்.

நம் ஊர் வாட்ஸ்அப்பில் "ரீச்ட் ஆல்ரெடி" என்று அனுப்புவதில் ஒரு தப்பும் இல்லை, நண்பர்களுக்குள் அது நம் பேச்சு. தேர்வுத் தாளிலும் அலுவலக மின்னஞ்சலிலும் "ஐ ஹேவ் ரீச்ட்" என்று எழுத வேண்டும்.

ஆளே இல்லாத வாக்கியத்திலும் ஆங்கிலம் ஓர் ஆளைக் கேட்கும். 'நேரமாகிவிட்டது' என்பதில் யார் எழுவாய்? நேரம். ஆங்கிலத்தில் "இட் இஸ் லேட்". அந்த 'இட்' எதையும் சுட்டவில்லை, காலி நாற்காலியில் வைத்த துண்டு மாதிரி இடம்பிடித்து வைக்கிறது. இட் இஸ் ரெய்னிங், இட் இஸ் மண்டே, இட் இஸ் ஃபார் ஃப்ரம் பட்டர்வொர்த், எல்லாம் இதே வகை.

இதைவிட அதிகம் தவறுவது செயப்படுபொருளில். "பேனாவைத் தம்பியிடம் கொடுத்தாயா?" என்று கேட்டால் "கொடுத்துவிட்டேன்" என்கிறோம். எதை என்று சொல்வதில்லை, தமிழில் சொல்ல வேண்டியதும் இல்லை. அப்படியே "ஐ கேவ் டு ஹிம்" என்று எழுதினால் ஆங்கிலத்தில் ஓட்டை விழும். "ஐ கேவ் இட் டு ஹிம்." பிடிக்கும், வாங்கினேன், பார்த்தேன், மறந்துவிட்டேன் போன்ற வினைகளில் நிறுத்தி, எதை, யாரை என்று ஒருமுறை கேளுங்கள். விடை கிடைத்தால் 'இட்' அல்லது 'தெம்' போடுங்கள். "தி கேக் வாஸ் நைஸ், ஐ லைக்ட் இட்."

படி 3: 'எனக்கு' என்றால் எப்போதும் 'மீ' அல்ல

அகராதியில் எனக்கு என்றால் டு மீ, ஃபார் மீ என்று இருக்கும். அதை நம்பி 'எனக்குத் தெரியும்' என்பதைச் சின்னப் பிள்ளைகள் "மீ நோ" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். தமிழில் அறிவு, பசி, விருப்பம், காய்ச்சல், கோபம் எல்லாம் நம்மிடம் வந்து சேர்கின்றன, அதனால் நான்காம் வேற்றுமை. ஆங்கிலத்தில் அதே ஆள் முன்னால் வந்து எழுவாயாக உட்கார்ந்துவிடுவார்.

எனக்குத் தெரியும்: ஐ நோ. எனக்குப் பசிக்கிறது: ஐ ஆம் ஹங்ரி. எனக்குக் காய்ச்சல்: ஐ ஹேவ் எ ஃபீவர். அவளுக்கு மீன் பிடிக்காது: ஷீ டஸ் நாட் லைக் ஃபிஷ். எங்களுக்கு ஒரு தோட்டம் இருந்தது: வீ ஹேட் எ கார்டன்.

மீ வருவது, யாரோ ஒருவர் எதையோ நம் பக்கம் நகர்த்தும்போது. எனக்குக் கொடு: கிவ் இட் டு மீ. எனக்குச் சொல்: டெல் மீ. வித்தியாசம் இதுதான்: கொடுக்கிற, சொல்கிற ஆள் வாக்கியத்தில் வேறு ஒருவர் இருக்கிறாரா? இருந்தால் மீ. நம்மைத் தவிர ஆளே இல்லை என்றால் ஐ.

படி 4: கூட இன்னொருவர் நிற்கும்போது

தமிழில் 'நானும் அம்மாவும் போனோம்' என்று நம்மை முதலில் வைப்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. ஆங்கில எழுத்தில் தன்னைக் கடைசியில் வைப்பது வழக்கம்: மை மதர் அண்ட் ஐ வென்ட். "மீ அண்ட் மை மதர்" பேச்சில் சாதாரணமாகக் கேட்கும், எழுத்தில் வேண்டாம்.

இந்தத் திருத்தத்தைப் பள்ளியில் திரும்பத் திரும்பக் கேட்டதில் ஒரு பக்க விளைவு உண்டு. பலருக்கு 'மீ' என்றாலே பயம். "பிட்வீன் யூ அண்ட் ஐ", "ஹீ இன்வைட்டட் மை வைஃப் அண்ட் ஐ" என்று எல்லா இடத்திலும் ஐ போட்டுவிடுகிறார்கள். சோதனை எளிது: கூட நிற்கிறவரை ஒரு நிமிடம் வெளியே அனுப்புங்கள். "ஹீ இன்வைட்டட் ஐ" என்று யாராவது சொல்வார்களா? சொல்ல மாட்டார்கள். ஆகவே "ஹீ இன்வைட்டட் மை வைஃப் அண்ட் மீ". பிட்வீன் ஒரு பிரிப்போசிஷன், அதன் பின்னால் இரண்டாம் நாற்காலிதான்: பிட்வீன் யூ அண்ட் மீ.

'ஐ'யா 'மீ'யா என்று குழம்பியவர்கள் கடைசியில் போய்ச் சேருகிற இடம் மைசெல்ஃப். "பிளீஸ் கான்டாக்ட் மைசெல்ஃப்", "மைசெல்ஃப் அண்ட் குமார் வில் அட்டென்ட்". கேட்க மரியாதையாக இருப்பதுபோல் தோன்றுகிறது. வேண்டாம். "பிளீஸ் கான்டாக்ட் மீ", "குமார் அண்ட் ஐ வில் அட்டென்ட்". நேர்காணலில் "மைசெல்ஃப் கவிதா" என்று தொடங்குவதும் இதே குடும்பம். "ஐ ஆம் கவிதா" போதும். அறிமுகத்தில் மைசெல்ஃப் வர வேண்டும் என்றால் அதற்குரிய இடம் இது: "லெட் மீ இன்ட்ரடியூஸ் மைசெல்ஃப்." அறிமுகப்படுத்துவதும் நான், அறிமுகமாவதும் நான்.

படி 5: அவர், அவங்க, டியா

இந்த ஒரு படியில் மட்டும் நான் பெரியவர்களிடம் நிதானமாகப் பேசுவேன். ஏனென்றால் இங்கே இடிப்பது இலக்கணம் இல்லை, மனசு.

என் வகுப்பில் ஓர் அக்கா, மாமியாரைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் "மை மதர்-இன்-லா, தே ஆர் ஸ்டேயிங் வித் அஸ்" என்பார். ஷீ என்று சொல்லுங்கள் என்றால் வாய் வரவில்லை. அவர் காதுக்கு ஷீ என்றால் 'அவள்'. மாமியாரை எப்படி அவள் என்பது? நம் பேச்சில் 'அவங்க' என்பது பன்மையும் மரியாதையும் சேர்ந்த சொல். அதைத் தே என்று மாற்றினால் பன்மை மட்டும் போய்ச் சேரும். கேட்பவர் வீட்டில் நாலைந்து மாமியார் இருப்பதாக நினைப்பார். ஷீ என்ற சொல்லில் அவள், அவர், அவங்க மூன்றும் அடக்கம். அரசியையும் ஷீ என்றுதான் ஆங்கிலம் சொல்லும். அதில் அவமரியாதை இல்லை என்பதை மனசு ஒப்புக்கொள்ளக் கொஞ்ச நாள் ஆகும், பரவாயில்லை. ஒரு நாசூக்கு மட்டும் உண்டு: அந்த ஆள் எதிரிலேயே இருக்கும்போது ஷீ, ஹீ என்று சுட்டிப் பேசுவதை ஆங்கிலம் பேசுகிறவர்களும் விரும்புவதில்லை. முதலில் பெயரையோ உறவையோ சொல்லுங்கள், அப்புறம் ஷீ.

ஒரு காலத்தில் ஆங்கிலத்துக்கும் நீ, நீங்கள் வேறுபாடு இருந்தது. ஒருமையில் நெருங்கியவரை 'தௌ' என்றார்கள். பன்மைக்குரிய யூ மரியாதைச் சொல்லாகப் பரவிப் பரவிக் கடைசியில் எல்லோருக்கும் யூ ஆகிவிட்டது. நம் ஊரில் மலாய் பேசும்போதுகூடப் பலர் நடுவில் ஐ, யூ என்று போட்டுக்கொள்கிறார்களே, அதிலும் இந்த வசதி இருக்கிறது. எதிரில் இருப்பவரின் வயதையும் பதவியையும் அளக்க வேண்டியதில்லை.

மலாயின் 'டியா' வேறு வகையில் குழப்பும். அவன், அவள் இரண்டுக்கும் ஒரே டியா. மூன்று மொழியும் நாளெல்லாம் வாயில் புரளும் பிள்ளைகள் வேகமாகப் பேசும்போது "மை சிஸ்டர், ஹீ ஸ்டடிஸ் இன் கேஎல்" என்று விழுந்துவிடும். இதற்கு விதி தேவையில்லை, பழக்கம் போதும். தினமும் குடும்பத்தில் நாலு பேரைப் பற்றி இரண்டிரண்டு வரி வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

ஆண் பெண் தெரியாத இடத்தில் தே ஒருமையாகவும் வரும்: "சம்ஒன் லெஃப்ட் தெய்ர் ஃபோன் ஹியர்." இது 14-ஆம் நூற்றாண்டிலிருந்தே ஆங்கிலத்தில் இருக்கிறது. தன்னை ஆண், பெண் என்ற இரண்டில் அடக்காதவர்களும் இன்று தே என்றே அழைக்கச் சொல்கிறார்கள். மெரியம்-வெப்ஸ்டர் அகராதி 2019-இன் ஆண்டுச் சொல்லாகத் தே என்பதைத்தான் தேர்ந்தெடுத்தது. மாமியாருக்குச் சொன்ன தே வேறு, இந்தத் தே வேறு.

படி 6: நாமா, நாங்களா?

இது தமிழும் மலாயும் சேர்ந்து நிற்கும் இடம். நாம், நாங்கள் என்று நாம் பிரிக்கிறோம். கித்தா, காமி என்று மலாய் பிரிக்கிறது. கேட்பவரைச் சேர்த்தால் நாம், கித்தா. சேர்க்காவிட்டால் நாங்கள், காமி. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வீ ஒன்றுதான்.

இதனால் உண்மையிலேயே தர்மசங்கடம் வரும். 'நாங்கள் சனிக்கிழமை லங்காவி போகிறோம்' என்ற எண்ணத்தில் சக ஊழியரிடம் "வீ ஆர் கோயிங் டு லங்காவி ஆன் சாட்டர்டே" என்று சொன்னால், அவர் தன்னையும் கூப்பிடுவதாக எடுத்துக்கொள்ளலாம். "மை ஃபேமிலி அண்ட் ஐ ஆர் கோயிங்" என்று தொடங்குங்கள். அழைக்கும்போது "யூ அண்ட் ஐ" அல்லது "ஆல் ஆஃப் அஸ்" என்று விரித்துவிடுங்கள். ஆங்கிலத்தில் இல்லாத வசதியை இப்படித்தான் ஈடுகட்ட வேண்டும்.

படி 7: என்னுடைய, தன்

'என்னுடைய வீடு', 'இந்த வீடு என்னுடையது' இரண்டிலும் நமக்கு வேர் ஒன்று. அதனால் "மைன் ஹவுஸ்" என்று சிலர் எழுதுவார்கள். பின்னால் பெயர் வந்தால் மை, வராவிட்டால் மைன், அவ்வளவுதான். 'என் நண்பர்களில் ஒருவர்' என்பதற்கு "எ ஃப்ரெண்ட் ஆஃப் மைன்" என்பதையும் பழகிக்கொள்ளுங்கள், அங்கே "ஆஃப் மீ" வராது.

'தன்' என்பது நம்மிடம் இருக்கிற அருமையான கருவி. 'ரவி குமாரிடம் தன் அப்பா வந்ததாகச் சொன்னான்' என்றால் ரவியின் அப்பா. 'அவன் அப்பா வந்ததாக' என்றால் பெரும்பாலும் குமாரின் அப்பா. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் "ஹிஸ் ஃபாதர்". சந்தேகம் வரும் இடத்தில் பெயரையே திரும்பச் சொல்லுங்கள். 'தன்னுடைய' என்பதை "ஹிம்செல்ஃப்ஸ்" என்று மட்டும் எழுதாதீர்கள், அப்படி ஒரு சொல் இல்லை. அழுத்தம் வேண்டுமானால் 'ஓன்' சேர்க்கலாம்: ஹிஸ் ஓன் ஹவுஸ்.

படி 8: செல்ஃப்

சரி, மொட்டைக்கு வருவோம்.

விதி ஒன்றே ஒன்று. ஒரு வினையின் எழுவாயும் செயப்படுபொருளும் ஒரே ஆளாக இருந்தால் இரண்டாவது இடத்தில் செல்ஃப். ஷீ கட் ஹெர் என்றால் அவள் இன்னொருத்தியை வெட்டினாள். ஷீ கட் ஹெர்செல்ஃப் என்றால் காய் நறுக்கும்போது கையை வெட்டிக்கொண்டாள். ஒரு சொல் மாறினால் போலீஸ் வரவேண்டுமா, பிளாஸ்திரி போதுமா என்பதே மாறிவிடுகிறது.

முதல் சிக்கல், எல்லை. தமிழின் 'தான்', 'தன்னை' வெகுதூரம் எட்டும். 'அம்மா தன்னைக் கூப்பிட்டதாக மாலா சொன்னாள்' என்பதில் தன்னை என்பது மாலாவை. கூப்பிட்ட வினையைத் தாண்டி, சொன்ன வினையின் எழுவாயைப் போய்த் தொடுகிறது. செல்ஃப் அப்படித் தாண்டாது, தன் வினையின் வேலிக்குள்ளேதான் ஆள் தேடும். "மாலா செட் ஹெர் மதர் கால்டு ஹெர்செல்ஃப்" என்று எழுதினால், அம்மா தன்னையே கூப்பிட்டுக்கொண்டதாக ஆகும். சரியான வாக்கியம்: "மாலா செட் ஹெர் மதர் கால்டு ஹெர்." அதேபோல 'தான் வருவதாக ரவி சொன்னான்' என்பது "ரவி செட் ஹீ வுட் கம்". தமிழில் தான், தன்னை வந்தவுடன் கை தானாகச் செல்ஃப் எழுதப் போகும். ஒரு நிமிடம் நிறுத்தி, இந்த வினையைச் செய்தது யார் என்று பாருங்கள். கூப்பிட்டது அம்மா, மாலா இல்லை. செல்ஃப் வேண்டாம்.

இரண்டாவது சிக்கல், 'கொள்'. இதுதான் பெரியது. 'கொள்' என்ற துணைவினையைச் செல்ஃப் என்று நினைப்பதால்தான் பாதித் தவறுகள் வருகின்றன. கற்றுக்கொண்டேன், ஏற்றுக்கொண்டேன், தெரிந்துகொண்டேன், படுத்துக்கொண்டேன், கல்யாணம் செய்துகொண்டேன். இவற்றில் ஒன்றுக்கும் ஆங்கிலத்தில் செல்ஃப் கிடையாது. ஐ லேர்ன்ட் இட், ஐ அக்செப்டட் இட், ஐ லே டவுன், ஐ காட் மேரீட். "ஐ மேரீட் மைசெல்ஃப்" என்று எழுதினால் மணமேடையில் துணைக்கு ஆளில்லை என்று பொருள். 'கொள்' சொல்வது, செயலின் பலன் செய்தவரிடம் சேர்கிறது என்பதை. செல்ஃப் சொல்வது, செயல் பட்டதும் அதே ஆள்மேல்தான் என்பதை. இரண்டும் சில இடத்தில் சேரும், பல இடத்தில் சேராது. 'உடம்பைப் பார்த்துக்கொள்' என்பது "டேக் கேர் ஆஃப் யுவர்செல்ஃப்". 'வீட்டைப் பார்த்துக்கொள்' என்பது வெறும் "லுக் ஆஃப்டர் தி ஹவுஸ்". இரண்டிலும் அதே 'பார்த்துக்கொள்'தான்.

இப்போது மொட்டை. தலை என்னுடையது, மழித்தது வேறொருவர், மழிக்கச் சொன்னது நான். இப்படி இன்னொருவர் கையால் நமக்கு ஒன்று செய்வித்துக்கொள்ளும்போது ஆங்கிலம் ஹேட் அல்லது காட் என்பதைக் கொண்டு வரும்: "ஐ ஹேட் மை ஹெட் ஷேவ்டு." அலகு குத்திக்கொண்டார்: "ஹீ ஹேட் ஹிஸ் சீக்ஸ் பியர்ஸ்டு." முடி வெட்டிக்கொண்டேன்: "ஐ ஹேட் மை ஹேர் கட்." பல் பிடுங்கிக்கொண்டாள்: "ஷீ ஹேட் எ டூத் டேக்கன் அவுட்." செல்ஃப் எங்கும் இல்லை, ஆனால் மை, ஹிஸ் கட்டாயம் இருக்கும். உடலுறுப்புக்கு முன்னால் யாருடையது என்று சொல்லாமல் ஆங்கிலம் விடுவது அரிது. 'கை கழுவினேன்' என்பதற்கு "ஐ வாஷ்டு மை ஹேண்ட்ஸ்". தமிழில் 'என் கையை' என்று சொன்னால்தான் விசித்திரமாக இருக்கும்.

குளிப்பது, உடுத்துவது, சவரம் செய்வது போன்ற தினசரி வேலைகளுக்கு ஆங்கிலத்தில் வழக்கமாகச் செல்ஃப் தேவையில்லை: ஹீ ஷேவ்டு, ஷீ காட் டிரெஸ்டு. சிறு குழந்தையோ உடம்பு முடியாதவரோ உதவியில்லாமல் செய்தார் என்று சொல்லும்போதுதான் "ஷீ கேன் டிரெஸ் ஹெர்செல்ஃப் நௌ".

இதற்கு நேர்மாறாக, நாம் விட்டுவிடுகிற செல்ஃப் ஒன்று உண்டு: என்ஜாய். "வீ வென்ட் டு தி பீச் அண்ட் என்ஜாய்ட்" என்று நாடெங்கும் எழுதுகிறோம். என்ஜாய் என்ற வினைக்கு ஒரு செயப்படுபொருள் வேண்டும். வீ என்ஜாய்ட் தி ஃபுட், அல்லது வீ என்ஜாய்ட் ஔர்செல்வ்ஸ். பிள்ளைகளை அடக்கும் "பிஹேவ் யுவர்செல்ஃப்", விருந்தாளியைத் தாராளமாக எடுத்துக்கொள்ளச் சொல்லும் "ஹெல்ப் யுவர்செல்ஃப்" இரண்டையும் அப்படியே முழுசாக மனதில் வையுங்கள். விருந்தாளி நாலு பேர் என்றால் "ஹெல்ப் யுவர்செல்வ்ஸ்". ஆங்கிலம் தொலைத்த நீ, நீங்கள் வேறுபாட்டில் பன்மை மட்டும் இந்த ஒரு மூலையில் பத்திரமாக இருக்கிறது. சொல்லித் தரும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி தருகிற இடம் இது.

மூன்றாவது, ஏகாரம். 'நானே செய்தேன்', 'மந்திரியே வந்தார்' என்று அழுத்துகிறோம். இதற்கும் செல்ஃப் உண்டு, ஆனால் இது வேறு வேலை: ஐ டிட் இட் மைசெல்ஃப், தி மினிஸ்டர் ஹிம்செல்ஃப் கேம். எடுத்துவிட்டாலும் வாக்கியம் நிற்கும், அழுத்தம் மட்டும் போகும். அதுதான் அடையாளம். இங்கே இட் என்பதை விட்டுவிடாதீர்கள். நம் ஊரில் 'தானே' என்ற பொருளுடைய மலாயின் 'செண்டிரி' காதில் ஒலித்துக்கொண்டே இருப்பதால் "ஐ டூ மைசெல்ஃப்" என்று வருகிறது. "ஐ டிட் இட் மைசெல்ஃப்." முன்னால் 'பை' சேர்த்தால் தனியாக, தானாக என்ற பொருள் வரும்: ஷீ லிவ்ஸ் பை ஹெர்செல்ஃப், தி டோர் ஓப்பன்டு பை இட்செல்ஃப்.

இடத்தைக் குறிக்கும் பிரிப்போசிஷனுக்குப் பின்னால் பெரும்பாலும் செல்ஃப் வராது. 'பையைத் தன் பக்கத்தில் வைத்தாள்' என்பது "ஷீ புட் தி பேக் பிசைட் ஹெர்". பிசைட் ஹெர்செல்ஃப் என்ற தொடர் ஆங்கிலத்தில் இருக்கிறது, அதன் பொருளோ துக்கத்திலோ கோபத்திலோ தன்னை மறந்த நிலை. கையில் காசில்லை என்பதும் "ஐ ஹேவ் நோ மணி ஆன் மீ".

ஒருவரையொருவர் என்ற பொருளுக்கும் செல்ஃப் பொருந்தாது. தே லுக்ட் அட் தெம்செல்வ்ஸ் என்றால் அவரவர் முகத்தை அவரவர் கண்ணாடியில் பார்த்தார்கள். தே லுக்ட் அட் ஈச் அதர் என்றால் பெண் பார்க்கும் படலம்.

படி 9: கையில் எடுத்துத் திருத்துங்கள்

வகுப்பில் ஒருவர் தன் மேலதிகாரிக்கு அனுப்புவதற்கு முன் என்னிடம் காட்டிய செய்தி இது: "மைசெல்ஃப் அண்ட் மை பிரதர் கேன்னாட் கம் டுடே. மை மதர் நாட் வெல், தே ஆர் இன் ஹாஸ்பிட்டல். யுவர் ஃபைல், ஐ ஆல்ரெடி கேவ் டு மேடம்."

திருத்தும்போது மேலிருந்து கீழே ஒரே மூச்சில் படிக்காதீர்கள். முதலில் ஒவ்வொரு வினைக்கும் எழுவாய் உட்கார்ந்திருக்கிறதா என்று ஒரு சுற்று. கேன்னாட் கம் என்பதற்கு எழுவாய் மைசெல்ஃப், அது முதல் நாற்காலி ஆளில்லை. அடுத்த சுற்றில் எதை, யாரை. கேவ் என்பதற்கு எதை என்ற விடை இல்லை. மூன்றாம் சுற்றில் ஒவ்வொரு ஹீ, ஷீ, தே யாரைச் சுட்டுகிறது என்று விரல் வைத்துப் பாருங்கள். தே என்பது அம்மா ஒருவரைத்தான். கடைசிச் சுற்று செல்ஃபுக்கு.

"மை பிரதர் அண்ட் ஐ கேன்னாட் கம் டுடே. மை மதர் இஸ் நாட் வெல். ஷீ இஸ் இன் ஹாஸ்பிட்டல். அபௌட் யுவர் ஃபைல், ஐ ஹேவ் ஆல்ரெடி கிவன் இட் டு மேடம்."

மொட்டைத் தலைப் பையனும் இதே நாலு சுற்றில்தான் தன் பத்தியைத் திருத்தினான். மீ அண்ட் மை பிரதர் என்பது மை பிரதர் அண்ட் ஐ ஆனது. பால்குடம் எடுத்த அம்மா தே-யிலிருந்து ஷீ ஆனார். முதல் வரி "ஐ ஹேட் மை ஹெட் ஷேவ்டு" ஆனது. எல்லாம் முடிந்த பிறகு, ஒரு மைசெல்ஃப் கூட மிச்சமில்லையே டீச்சர் என்றான். அவனுக்கு இன்னும் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது யாரும் சொல்லாமல் அவனே வேண்டிக்கொண்டது அந்த மொட்டை.

'நானே வேண்டிக்கொண்டேன்' என்று தமிழில் எழுதச் சொன்னேன். அதில் எது செல்ஃப் என்று கேட்டேன். பென்சிலைக் 'கொண்டேன்' மேல் வைத்தான், எடுத்தான், 'நானே' என்பதன் ஏகாரத்தைச் சுற்றி வட்டம் போட்டான். அப்புறம் எழுதினான்: "ஐ மேட் தி வௌ மைசெல்ஃப்."